பறவை பார்ப்போர் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பறவை பார்ப்பவர்கள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் குழுக்களாக இணைந்திருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர், விசைத்தறித் தொழிலாளி என்று வேறெங்கும் ஒன்றுகூட வாய்ப்பில்லாதவர்கள் அங்கே நாள்தோறும் காலையில் பேசிக்கொள்கிறார்கள். ஏரியில் நீர் எவ்வளவு நிற்கிறது, வாலாட்டி வந்துவிட்டதா, நேற்றிரவு கத்திய ஆந்தை எது என்பவையே அவர்களுடைய பேச்சு. ஆனால் புதிதாகச் சேர்பவர்களில் பலர் சில வாரங்கள் வாசித்துவிட்டு, ஒரு வரிகூட எழுதாமல் விலகிப்போகிறார்கள். அபூர்வமான பறவையைப் படம் எடுத்தவர்களுக்கு மட்டுமே அங்கே பேச இடமுண்டு என்று அவர்கள் எண்ணிக்கொள்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். குழுக்களில் நெடுநாள் பழகியவர்களைக் கேட்டால், மைனாவையும் மடையானையும் தவிட்டுக்குருவியையும் பற்றிய அன்றாடப் பேச்சில்தான் நட்பு ஊன்றியது என்றே சொல்வார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் எப்படிக் கலந்துகொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேர்வதற்கு முன்

முதலில் உங்கள் வீட்டைச் சுற்றி வரும் பறவைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். காகம், அண்டங்காக்கை, மைனா, மாடப்புறா, கிளி, குயில், கரிச்சான், செம்போத்து, சின்னான், தேன்சிட்டு, தையல்சிட்டு, வெண்மார்பு மீன்கொத்தி, மடையான், உண்ணிக்கொக்கு, கள்ளப்பருந்து என்று பதினைந்து இருபது பறவைகளை நன்றாகப் பார்த்து வைத்திருப்பவர் எந்தக் குழுவிலும் தயங்க வேண்டியதில்லை. பார்ப்பது என்பது பெயர் தெரிந்துகொள்வதோடு முடிவதன்று. மைனா நடக்கிறதா தத்துகிறதா, சின்னானின் வாலடியில் சிவப்பு எங்கே இருக்கிறது, கரிச்சான் உட்காரும் கம்பியிலிருந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கம்பிக்குத் திரும்புகிறதா என்பதையெல்லாம் கவனித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பிற்பாடு ஒரு புதிய பறவையை மற்றவர்களுக்கு விளக்க இவையே உங்களுக்கு அளவுகோலாக இருக்கும்.

இருநோக்கி (பைனாகுலர்) உடனே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்குவதாக இருந்தால், குழுவில் சேர்ந்து, இரண்டு மூன்று பேருடைய கருவிகளைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் 8×42 அளவுள்ளதையே, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முன்வில்லை உள்ளதையே பரிந்துரைப்பார்கள். கை நடுக்கம் அதில் அதிகம் தெரியாது, அதிகாலை வெளிச்சத்திலும் காட்சி தெளிவாக இருக்கும். எந்தக் கருவி நல்லது என்று கேட்பதும் பேச்சைத் தொடங்க நல்ல வழிதான்.

முதல் வாரம்

குழுவில் சேர்க்கப்பட்டவுடன், முகப்பில் உள்ள விதிகளை முழுவதும் படியுங்கள். கூட்டின் படங்களைப் பகிரக் கூடாது, பறவையல்லாத செய்திகளை அனுப்பக் கூடாது, இரவு பத்து மணிக்கு மேல் எழுதக் கூடாது என்று ஒவ்வொரு குழுவும் தனக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்திருக்கும். அவை பழைய சச்சரவுகளிலிருந்து பிறந்தவை. அவற்றின் காரணத்தை முதல் நாளே கேட்டு வாதாடுவது நன்றாக இருக்காது.

பிறகு நான்கைந்து வரிகளில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். பெயர், ஊர், வழக்கமாகப் பறவை பார்க்கும் இடம், எவ்வளவு காலமாகப் பார்க்கிறீர்கள் என்பவை போதும். வேலை, பட்டம் எல்லாம் தேவையில்லை. நீங்கள் எந்த ஏரிக்கரையில் இருக்கிறீர்கள் என்பதுதான் மற்றவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் செய்தி. “நான் மேலூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் கண்மாய் இருக்கிறது” என்று ஒருவர் எழுதியதும், பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் “அந்தக் கண்மாயில் இப்போது நாமக்கோழி இருக்கிறதா?” என்று கேட்டுவிடுவார்.

யாரை எப்படி அழைப்பது என்ற தயக்கம் பலருக்கு இருக்கும். பெயரோடு அண்ணா, அக்கா சேர்த்து அழைப்பதே பெரும்பாலான குழுக்களில் வழக்கம். ஆசிரியர்களை சார், டீச்சர் என்றும், வயதில் மிக மூத்தவரை ஐயா என்றும் அழைக்கலாம். இதில் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். குழுவில் சிறந்த காதும் கண்ணும் உடையவர் சில வேளைகளில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனாகவோ பெண்ணாகவோ இருப்பார். அவர் சொல்வதை “தம்பி, சரியாகப் பார்த்தாயா?” என்று வயதைக் காட்டி ஒதுக்காதீர்கள். மூத்தவரிடம் கேட்கும் அதே மரியாதையோடு அவரிடமும் காரணத்தைக் கேளுங்கள்.

கேள்வி கேட்கும் முறை

குழுவில் நட்பு தொடங்குவது பெரும்பாலும் “இது என்ன பறவை?” என்ற கேள்வியில்தான். ஆகவே இந்தப் படியில் சற்று நின்று பேச வேண்டும்.

வெறும் படத்தை மட்டும் போட்டு “பெயர் என்ன?” என்று கேட்டால் பெயர் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. படத்தோடு, எந்த நாள், எத்தனை மணி, எந்த ஊர், எவ்வகை இடம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது, தெரிந்த ஒரு பறவையோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது, நீங்கள் எதுவென்று நினைக்கிறீர்கள், எங்கே ஐயம் என்பவற்றையும் எழுதுங்கள். படமே இல்லாவிட்டாலும் இவை இருந்தால் பெரும்பாலும் போதும். ஒரு குழுவில் வரக்கூடிய கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

“வணக்கம். இன்று காலை ஆறே முக்கால் மணிக்கு எங்கள் ஊர் ஏரியின் மதகு ஓரம், கருவேல மரத்தின் தாழ்ந்த கிளையில் இது உட்கார்ந்திருந்தது. மடையானைவிடக் கொஞ்சம் பெரியதாக, தடிமனாக இருந்தது. உடம்பு பழுப்பு. முதுகிலும் இறக்கையிலும் வெள்ளைப் புள்ளிகள். பத்து நிமிடம் அசையவே இல்லை. மடையானாக இருக்குமோ என்று நினைக்கிறேன், ஆனால் புள்ளிகள் குழப்புகின்றன.”

இதற்கு ஒருவர் இப்படிப் பதில் எழுதுவார்: “நல்லா பாத்திருக்கீங்கம்மா. பறந்தப்ப இறக்கை என்ன நிறமா இருந்துச்சு?”

“பழுப்பாத்தான் இருந்துச்சு அண்ணா. வெள்ளையே தெரியல.”

“அப்ப மடையான் இல்ல. மடையான் உக்காந்திருக்கும்போது மண் நிறமா இருந்தாலும், பறந்தா இறக்கை பளிச்சுனு வெள்ளையா விரியும். நீங்க பாத்தது இளம் வக்கா. வளர்ந்ததுக்கு முதுகு கறுப்பு, கண்ணு சிவப்பு. சாயங்காலம் இருட்டற நேரத்துல அதே மரத்துப் பக்கம் போய் நில்லுங்க, பெரியதுங்க ‘வக் வக்’னு கத்திக்கிட்டுக் கிளம்பும்.”

மறுநாள் அந்தப் பெண் ஏரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எத்தனை வக்காக்கள் கிளம்பின என்று எழுதினால், அதோடு இருவரும் அறிமுகமானவர்கள் ஆகிவிட்டார்கள். இந்த மறுநாள் செய்தியைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். பதில் சொன்னவர் தம்முடைய நேரத்தைச் செலவழித்திருக்கிறார். அவர் சொன்னதை நீங்கள் போய்ச் சரிபார்த்தீர்கள் என்று தெரிவதைவிட அவருக்கு மகிழ்ச்சி தரக்கூடியது வேறில்லை. கும்பிடும் கை பொம்மையை மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

படம் எடுக்கும்போது பறவையின் அழகான கோணத்துக்காகக் காத்திருக்காமல், அலகு, கால், வால், இறக்கை ஆகியவை தனித்தனியாகத் தெரியும்படி இரண்டு மூன்று படங்களாவது எடுங்கள். வெள்ளைக் கொக்குகளில் இது மிகவும் தேவைப்படும். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்குக்கு அலகு மஞ்சள், கழுத்துக் குட்டை. பாதம் சேற்றில் புதைந்திருக்கும் படத்தை வைத்துக்கொண்டு பத்துப் பேர் அரை நாள் பேச வேண்டிவரும்.

எளிய கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் பட்டையுமாக இருக்கும் பெண் குயிலைப் பார்த்துவிட்டு ஏதோ புதிய பறவை என்று நினைக்காத தொடக்கநிலைக்காரர் அரிது. இக்கேள்வி ஆண்டுதோறும் ஒவ்வொரு குழுவிலும் வருகிறது, ஆண்டுதோறும் யாரோ ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். பொறுமை இழந்தவர்கள் அன்று பேசாமல் இருந்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பறவைகளை அடையாளம் காட்டும், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் 2021ஆம் ஆண்டிலிருந்து ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதியும் இருக்கிறது. தொடங்குபவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் “மெர்லின் இப்படிச் சொன்னது” என்பதைக் குழுவில் சான்றாக வைக்காதீர்கள். துடுப்புவால் கரிச்சான் பிற பறவைகளின் குரலை அப்படியே எழுப்பக்கூடியது. செயலி அந்தக் குரலைக் கேட்டு, அங்கே இல்லாத பறவையின் பெயரைச் சொல்லிவிடலாம். செயலி சொன்ன பெயரைக் குறிப்பாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் தேடிப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் குரலைப் பதிவு செய்து, “செயலி இப்படிச் சொல்கிறது, எனக்குக் குரல் மட்டும் கேட்டது” என்று உள்ளபடி எழுதுங்கள்.

பதில் சொல்லும் முறை

சில மாதங்களில் நீங்களும் பதில் சொல்லத் தொடங்குவீர்கள். அப்போது பெயரோடு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். “வல்லூறு” என்று ஒரே சொல்லில் முடித்தால் கேட்டவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அக்காக்குயிலும் பார்வைக்கு வல்லூறு போலவே இருக்கும் என்றும், ஆனால் வல்லூறின் அலகு கொக்கி போல் வளைந்திருக்கும், அக்காக்குயிலின் அலகு நீண்டு மெலிதாக இருக்கும் என்றும் சொன்னால் அடுத்த முறை அவரே பிரித்தறிந்துவிடுவார்.

ஒருவர் தவறாகப் பெயர் சொல்லிவிட்டால், பிழையை மட்டும் தொட்டுப் பேசுங்கள். “மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக்குத் தலை உச்சி கறுப்பாக இருக்குமே, இந்தப் படத்தில் கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல் தெரிகிறது, சிவப்பு மூக்கு ஆள்காட்டியாக இருக்கலாமா?” என்று கேள்வியாக வைத்தால் யாருக்கும் மனம் நோகாது. மூத்தவர் ஒருவர் தவறும்போது தனிச்செய்தியில் சொல்லிவிடுவது நல்லது. அவரே குழுவில் வந்து திருத்திக்கொள்வார். எதுவென்று தெரியாதபோது “தெரியவில்லை” என்று எழுதுவதற்கும் பழகிக்கொள்ளுங்கள். கதிர்க்குருவிகளிலும் கரையோர உள்ளான்களிலும் முப்பது ஆண்டு பார்த்தவர்களே அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருப்பதால், தமிழ்ப் பெயரில் குழப்பம் வந்தால் படத்தையே அனுப்பிவிடுங்கள். எது சரியான பெயர் என்று வாதத்தில் இறங்கினால் அன்றைய காலைப் பொழுது அதிலேயே போய்விடும்.

நாள்தோறும் என்ன பேசுவது

இதற்குப் பருவமே வழிகாட்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கும்போது, யாருடைய ஊருக்குத் தகைவிலான் முதலில் வந்தது, யார் சாம்பல் வாலாட்டியைப் பார்த்தார்கள், பழுப்புக் கீச்சான் போன ஆண்டு உட்கார்ந்த அதே வேலியில் உட்கார்ந்திருக்கிறதா என்பவை குழுவின் முக்கியச் செய்திகள். வடகிழக்குப் பருவமழை பெய்ததும் ஏரி நிரம்பியதா என்ற விசாரிப்பு தொடங்கும். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரைகள் எத்தனை மரத்தில் ஏறியிருக்கின்றன, கூந்தன்குளத்தில் கூழைக்கடா கூடு வைத்துவிட்டதா, இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் இந்த ஆண்டு வந்தனவா என்று மழைக்காலம் முழுவதும் பேச்சு ஓடும். மாலையில் ஆயிரக்கணக்கில் கூட்டமாகச் சுழன்று அடையும் சோளக்குருவிகளின் காணொளிகள் அதைத் தொடர்ந்து வரும். ஏப்ரலில் அந்தக் குருவிகள் போய்விடும்.

பலரும் நினைப்பதுபோல் கோடைக்காலம் பேச்சற்ற காலமன்று. ஈச்சை மரத்தில் தூக்கணாங்குருவி எந்த அளவுக்குக் கூடு பின்னியிருக்கிறது, ஆண் குயில் விடியற்காலை எத்தனை மணிக்குக் கூவத் தொடங்குகிறது, மொட்டைமாடியில் வைத்த தண்ணீர்த் தொட்டிக்கு எந்தெந்தப் பறவைகள் வந்தன என்பவற்றை எழுதுங்கள். நான் குழுவில் மிகவும் விரும்பி வாசிப்பவை இத்தகைய செய்திகளே. ஒரே மரத்தை, ஒரே மாடியை ஆண்டு முழுவதும் பார்ப்பவரிடம், கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவரிடம் இல்லாத ஓர் அறிவு சேர்கிறது.

தவிர்க்க வேண்டியவை சில. காலை வணக்கப் படங்கள், அரசியல், எங்கிருந்தோ வந்த பறவைக் காணொளிகள் ஆகியவற்றை அனுப்பாதீர்கள். பிறர் எடுத்த படத்தை அவர் பெயர் சொல்லாமல் வேறிடத்தில் பகிராதீர்கள். ஒருவர் தாம் முதன்முறையாகப் பார்த்த பறவையைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதும்போது, “இது எங்கள் ஊரில் நிறைய இருக்கிறதே” என்று எழுதாதீர்கள். உங்கள் ஊரில் நிறைய இருப்பது உண்மையாகவே இருக்கட்டும். அன்றைய நாள் அவருடையது.

இடத்தைச் சொல்லலாமா

இது நட்புக்கும் பறவையின் நலத்துக்கும் இடையே அடிக்கடி இழுபறி ஏற்படும் இடம். கூடு, ஆந்தை பகலில் அடைந்திருக்கும் மரம், அரிய பறவை தங்கியிருக்கும் புதர் ஆகியவற்றின் சரியான இடத்தைக் குழுவில் எழுதக் கூடாது. பத்துப் பேர் கேமராவோடு போய் நின்றால் தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது, குஞ்சுகள் வெயிலில் வாடிவிடும், காகமும் வால்காக்கையும் மனிதர் நிற்கும் இடத்தைக் கவனித்துக் கூட்டைக் கண்டுபிடித்துவிடும். ஆந்தைகள் மூடநம்பிக்கைக்காகப் பிடிக்கப்படுகின்றன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் இணையதளமும் ஆபத்துக்கு உள்ளாகும் சில இனங்களின் இருப்பிடத்தைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்தே வைத்திருக்கிறது.

யாராவது தனிச்செய்தியில் இடம் கேட்டால், “கூடு வைத்திருக்கும் காலம் முடியட்டும், சேர்ந்து போவோம்” என்று சொல்லிவிடலாம். உண்மையான நண்பர் அதை ஏற்றுக்கொள்வார். அதேபோல் நீங்கள் கேட்டு ஒருவர் சொல்ல மறுத்தால், அவர் உங்களை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்களைப் பார்த்ததே இல்லை. சேர்ந்து நடந்த பிறகு அவரே அழைத்துப்போவார்.

கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று அது பதறி, உணவையும் குஞ்சையும் விட்டுவிட்டு வருகிறது. அப்படி எடுத்த படத்தை நல்ல குழுக்கள் பாராட்டுவதில்லை.

சேர்ந்து நடப்பது

எழுத்தில் தொடங்கிய பழக்கம் ஏரிக்கரையில்தான் நட்பாகிறது. பெரும்பாலான குழுக்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது காலை ஆறு மணிக்குக் கூடுகின்றன. முதல் நடைக்குப் பொது இடத்தில், பலர் வரும் நடையாகப் பார்த்துச் செல்லுங்கள். எங்கே போகிறீர்கள், யாரோடு என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பெண்கள் தோழியையோ வீட்டாரையோ அழைத்துவர விரும்பினால் எந்த நல்ல குழுவும் வேண்டாம் என்று சொல்லாது. பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு வர வேண்டும். வண்டியில் சேர்ந்து போவதானால் பெட்ரோல் செலவைக் கிளம்பும் முன்பே பேசிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சிறிய தொகைதான், ஆனாலும் பேசாமல் விட்டால் மனத்தில் நிற்கும்.

மங்கிய நிறத்தில் உடை, தொப்பி, தண்ணீர், நோட்டு, மௌனத்தில் வைத்த கைபேசி ஆகியவை போதும். பறவையைப் பார்த்தவுடன் கையை உயர்த்திக் கூவாதீர்கள். அது இருக்கும் இடத்தை மற்றவருக்குச் சொல்வது ஒரு தனிப் பயிற்சி. “அதோ, அந்த மரத்தில்” என்றால் யாருக்கும் விளங்காது. “கரையிலிருந்து மூன்றாவது பனை, இடப்பக்கம் தொங்கும் காய்ந்த ஓலை, அதற்கு ஒரு முழம் கீழே” என்று அடையாளம் சொல்லிச் சொல்லி இறக்க வேண்டும். சிலர் கடிகார முள்ளின் திசையைக் கொண்டு “மரத்தில் இரண்டு மணிப் பக்கம்” என்பார்கள். பார்த்துவிட்டவர் பார்க்காதவருக்கு வழிவிட்டு நகர வேண்டும். தொலைநோக்கியை ஒருவர் முக்காலியில் நிறுத்தியிருந்தால், வரிசையில் நின்று, சிறிது நேரம் பார்த்துவிட்டு, அதன் உயரத்தை மாற்றாமல் அடுத்தவருக்கு விடுங்கள். பிள்ளைகளை முதலில் பார்க்கவிடுவது நல்ல பழக்கம்.

ஏரியில் வலை வீசுபவர், கரையில் ஆடு மேய்ப்பவர், வயலில் நிற்பவர் ஆகியோரை வணங்கிப் பேசுங்கள். அவர்களுடைய ஊருக்குள் நாம்தான் விருந்தாளிகள். வேடந்தாங்கல் மக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதற்குத் தடை கேட்டு அரசை அணுகியவர்கள். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இருநோக்கி இல்லாத இத்தகைய மனிதர்களே நம் ஏரிகளில் பறவைகளைத் தங்கவைத்தவர்கள். எந்த மாதம் எந்தப் பறவை வரும், போன ஆண்டு ஏன் வரவில்லை என்று அவர்களிடம் கேட்டால், எந்தச் செயலியும் சொல்லாதவற்றைச் சொல்வார்கள்.

நடை முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்ப்பார்கள். ஒருவர் பெயர்களை வாசிக்க, மற்றவர்கள் எண்ணிக்கையைச் சொல்ல, “நீலத்தாழைக்கோழி முப்பதா? மதகுப் பக்கம் தனியாக ஒரு கூட்டம் இருந்ததே, அதைச் சேர்த்தீர்களா?” என்று பேச்சு வளரும். வேலை இருக்கிறது என்று நடை முடிந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். வடையும் டீயுமாகப் போகும் இந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வது நடந்த இரண்டு மணி நேரத்துக்குச் சமம்.

பட்டியலும் அதைப் பற்றிய கேள்விகளும்

ஈபேர்ட் என்பது 2002ஆம் ஆண்டில் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அமெரிக்கப் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடபான் சங்கமும் தொடங்கிய பறவைப் பதிவுத் தளம். குழுவாக நடந்தால் ஒருவர் பட்டியல் போட்டு மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிடுவார். அது உங்கள் கணக்குக்கு வந்ததும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், நீங்கள் பார்க்கவோ கேட்கவோ செய்யாத பறவைகளை உங்கள் பிரதியிலிருந்து நீக்கிவிடுங்கள். அப்படி நீக்கினால் பகிர்ந்தவர் வருத்தப்பட மாட்டார். உங்கள் பதிவை நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

சில நாட்களில் ஈபேர்டிலிருந்து உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரலாம். ஜூன் மாதத்தில் சமவெளியில் மாங்குயில் பார்த்ததாக எழுதியிருந்தால், குளிர்காலத்தில் வந்து போகும் பறவையாயிற்றே, என்ன பார்த்தீர்கள், படம் உண்டா என்று ஒருவர் விசாரிப்பார். அவர் சம்பளம் வாங்காமல் தம் ஓய்வு நேரத்தில் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர், பெரும்பாலும் உங்கள் குழுவிலேயே இருப்பவர். கடிதம் முன்பே எழுதிவைத்த படிவமாக, சற்று இறுக்கமாக இருக்கும். அதைப் பார்த்து, நம்மைப் பொய்யர் என்கிறாரோ என்று எண்ணி ஒதுங்கிப்போனவர்கள் பலர். அப்படி எண்ண வேண்டாம். பார்த்ததை விவரமாக எழுதுங்கள், உறுதி இல்லையென்றால் அதையும் எழுதிப் பதிவைத் திருத்துங்கள்.

இந்தக் கறார்த்தன்மை வீணாவதில்லை. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. டீக்கடையில் சரிபார்த்த பட்டியல்கள்தான் அங்கே போய்ச் சேருகின்றன. ஓர் ஏரியைத் தூர்க்க வரும்போதும் மரத்தை வெட்ட வரும்போதும், குழுவில் கொட்டும் கோபத்தைக்காட்டிலும், பல ஆண்டுகளாகத் தேதியிட்டு எழுதிய பட்டியல்களே அதிகாரிகள் முன் எடுபடும்.

ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகெங்கும் நடக்கும் கணக்கெடுப்பும் புதியவர்கள் கலந்துகொள்ளத் தகுந்தவை. பிந்தையது 1998இல் வட அமெரிக்காவில் தொடங்கி, 2013 முதல் உலகம் முழுவதும் நடக்கிறது. பதினைந்து நிமிடம் வீட்டு வாசலில் நின்று எண்ணினாலும் போதும்.

மனத்தாங்கல் வந்தால்

வரத்தான் செய்யும். படம் எடுப்பவர் நெருங்கிப் போய்ப் பறவையைக் கலைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதுவார், அதற்கு மற்றவர் கோபப்படுவார். புதியவர் அதில் பக்கம் சேர வேண்டியதில்லை. உங்கள் மீதே குறை சொல்லப்பட்டால் குழுவில் பதிலுக்குப் பதில் எழுதாமல், சொன்னவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். எழுத்தில் கடுமையாகத் தெரிந்தவர் குரலில் அப்படி இருப்பதில்லை. குறை நியாயமானது என்றால் ஒரு வரியில் ஏற்றுக்கொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

அடிபட்ட பறவை கிடைத்தால்

அக்டோபர், நவம்பரில் இரவில் வலசை வரும் தோட்டக்கள்ளன் என்னும் பறவை களைத்துப்போய் வீட்டுக்குள்ளோ கண்ணாடிச் சன்னலில் மோதியோ விழுவது ஆண்டுதோறும் நடப்பது. பச்சையும் நீலமும் சிவப்புமான ஒரு பறவை பால்கனியில் கிடக்கிறது என்று யாரோ பதறி எழுதுவார்கள். உங்களுக்கு அப்படி நேர்ந்தால், ஓர் அட்டைப்பெட்டியில் சிறு துளைகள் இட்டு, அடியில் துணி விரித்து, பறவையை அதில் வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். நாய், பூனை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறு ஊட்டாதீர்கள், படம் எடுப்பதற்காக அடிக்கடி திறக்காதீர்கள். உடனே குழுவில் எழுதுங்கள், வனத்துறைக்கும் தெரிவியுங்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை. களைப்பு மட்டும் என்றால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அப்போது அருகில் மரங்கள் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கையோ காலோ தொங்கினால் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும். அந்த மாவட்டத்தில் பறவைக்கு மருத்துவம் பார்க்கத் தெரிந்தவர் யார் என்பதைக் குழுவில் ஒருவராவது அறிந்திருப்பார்.

அன்றிரவே, பறவை பறந்துவிட்டதா, வனத்துறையினர் கொண்டுபோனார்களா, இறந்துவிட்டதா என்பதை மறக்காமல் குழுவில் எழுதிவிடுங்கள். காலையில் வழி சொன்னவர்கள் அதற்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.